உங்களுக்குத் தெரியுமா? ஆஹென் தந்த தபால்தலை

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிடித்த முதல் பெரிய ஜெர்மன் நகரம் ஆஹென் (1944 அக்டோபர் 21). ஹிட்லர் தலைக்குப் பதிலாக, நடுவில் பெரிய ‘எம்’ எழுத்து போட்ட ‘ஏ.எம். போஸ்ட்’ (நேச நாட்டு ராணுவத் தபால்) தபால்தலைகள் 1945 மார்ச் 19 அன்று இங்கேதான் முதலில் விற்பனைக்கு வந்தன. அப்போது போர்கூட முடிந்திருக்கவில்லை!

ஒரே வடிவம், அச்சிட்டதோ வாஷிங்டன், லண்டன், பிரவுன்ஷ்வைக் என மூன்று ஊர்களில். வாங்கி விற்பவர் முதலில் பார்ப்பது ஓரத்துத் துளைகளை. இரண்டு சென்டிமீட்டருக்கு 14 அளவில் இருந்தால் லண்டன் அச்சு. 11 என்றால் வாஷிங்டனாகவும் இருக்கலாம், பிரவுன்ஷ்வைக்காகவும் இருக்கலாம். தாளையும் அச்சின் தெளிவையும் லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். இதைப் பழகாமல் மொத்தமாக வாங்குவது நஷ்டத்தில்தான் முடியும். முதல் நாள் ஆஹென் முத்திரை விழுந்த கடித உறை கிடைத்தால், தபால்தலையைக் கிழித்தெடுக்காமல் அப்படியே வையுங்கள்.