ஒரு ஸ்பேனருக்கு இவ்வளவு விலையா? ராட்செட்டின் 'கிர்ர்ர்' சத்தத்துக்குள்ள என்னதான் இருக்கு?

டூவீலர் மெக்கானிக் கடையில வண்டியை விட்டுட்டு ஓரமா நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்களா? சுவர்ல வரிசையா ஸ்பேனர் தொங்கும். தரையில ஒரு டிரே முழுக்க சாக்கெட் கிடக்கும். கடைப் பையன் எதை வேணும்னாலும் எடுப்பான். ஆனா ஒரே ஒரு ராட்செட் மட்டும் முதலாளியோட டிராயருக்குள்ள இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் கேட்டாக்கூட, "வண்டியை வேணா எடுத்துட்டுப் போங்கண்ணே, அதை மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு.

ஆன்லைனில் தேடிப் பார்த்தால் குழப்பம் இன்னும் அதிகமாகும். நாற்பது ஐம்பது பீஸ் கொண்ட முழு செட்டே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே அளவில் ஒரே ஒரு ராட்செட் பல ஆயிரம் ரூபாய். அதையும் வாங்க ஆள் இருக்கிறார்கள், வாங்கி வைத்துக் கொஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். ரெண்டும் நட்டைத்தானே கழட்டுது, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

அந்த சத்தம் எங்கிருந்து வருது?

ராட்செட்டின் தலையைத் திறந்து பார்த்தால் உள்ளே முக்கியமானது மூன்றே பாகம்தான். சுற்றிலும் பல் வெட்டிய ஒரு சின்ன சக்கரம். அந்தப் பல்லில் போய் மாட்டிக்கொள்ளும் நாக்கு போன்ற ஒரு துண்டு. அந்த நாக்கைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு ஸ்பிரிங்.

கைப்பிடியை ஒரு பக்கம் இழுத்தால் நாக்கு பல்லுக்கு நடுவில் இறுகி, சக்கரத்தையும் நட்டையும் சேர்த்துத் திருப்பும். எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் நாக்கு பல்லின் சரிவில் ஏறி ஏறி விழும். நட்டு நின்ற இடத்திலேயே நிற்கும், கைப்பிடி மட்டும் திரும்பி வரும். ஒவ்வொரு பல்லையும் நாக்கு தாண்டி விழுகிற சத்தம்தான் அந்த 'கிர்ர்ர்'. சைக்கிளில் பெடலை மிதிக்காமல் விட்டால் பின்சக்கரத்தில் 'டிக் டிக் டிக்' என்று கேட்குமே, அதுவும் இதே வேலைதான்.

ஒன்றும் புது விஷயமில்லை இது. சாக்கெட்டை மாற்றிப் போடக்கூடிய ராட்செட்டுக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜே.ஜே. ரிச்சர்ட்சன் 1863-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

பல்லை எண்ணிப் பாருங்க

இங்கேதான் விலை வித்தியாசம் ஆரம்பிக்கிறது. சக்கரத்தில் 24 பல் இருந்தால், அடுத்த பல்லைப் பிடிக்க கைப்பிடியை 15 டிகிரி நகர்த்த வேண்டும். 36 பல்லுக்கு 10 டிகிரி. 72 பல்லுக்கு 5 டிகிரி போதும்.

5 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். வெளியில் வைத்துத் திருகும்போது இல்லைதான். ஆனால் வண்டியின் இன்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில், கையே பாதிதான் நுழையும் இடத்தில் ஒரு போல்ட்டைக் கழட்டிப் பாருங்கள். கைப்பிடி கொஞ்சம் நகர்ந்ததுமே எதிலாவது போய் இடிக்கும். 24 பல் ராட்செட் அங்கே 'டிக்' என்று அடுத்த பல்லுக்குப் போகவே போகாது. 72 பல் ராட்செட் சமாளித்து வேலையை முடித்துவிடும்.

அப்படின்னா பல்லை இஷ்டத்துக்கு ஏத்திக்கிட்டே போகலாமே? அதுதான் முடியாது. பல் அதிகமாக அதிகமாக ஒவ்வொரு பல்லும் சின்னதாகும், எளிதில் உடையும். அதனால் நாக்கிலேயே பல பற்களை வெட்டி, ஒரே நேரத்தில் பல பற்கள் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும்படி செய்கிறார்கள். இதற்கு நல்ல இரும்பும் வேண்டும், துல்லியமாக வெட்டும் மெஷினும் வேண்டும். 72 பல் என்று அட்டையில் அச்சடிப்பது எளிது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கும்போது அந்த 72 பல்லும் தாங்குதா என்பதுதான் கேள்வி.

ஸ்பிரிங்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அது ரொம்ப இறுக்கமாக இருந்தால், நட்டு லூஸான பிறகு கைப்பிடியைப் பின்னால் கொண்டுவரும்போது நட்டும் கூடவே திரும்பி வரும். கழட்டியதை நீங்களே மறுபடி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். மட்டமான ராட்செட்டை வைத்துக்கொண்டு மெக்கானிக் எரிச்சலாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

18 வயசுப் பையனும் ஒரு பட்டனும்

ராட்செட்டின் தலைக்குப் பின்னால் ஒரு சின்ன பட்டன் இருக்கும். அழுத்தினால் சாக்கெட் தானாக விடுபடும். ஆயில் படிந்த கையோடு, இன்னொரு கையில் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கும்போது இந்தப் பட்டனின் அருமை தெரியும். இதற்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது.

அமெரிக்காவில் அப்போது சியர்ஸ் என்ற பிரம்மாண்ட கடை நிறுவனம் இருந்தது. அப்போது அதனிடம் இருந்த கிராஃப்ட்ஸ்மேன் பிராண்ட் டூல்ஸ் அங்கே வீட்டுக்கு வீடு பிரபலமாக இருந்தன. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த சியர்ஸ் கடை ஒன்றில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற இளைஞர், 1963-ல் இந்தப் பட்டன் அமைப்பைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 18. காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார்.

'இது பெரிதாக விற்காது, தயாரிப்புச் செலவு வேறு அதிகம்' என்கிற ரீதியில் நிறுவனம் அவரிடம் பேசியது. ஒரு ராட்செட்டுக்கு 2 சென்ட், மொத்தம் அதிகபட்சம் 10,000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டு உரிமையை வாங்கிக்கொண்டது. ஆனால் நிறுவனத்தின் சொந்தப் பரிசோதனை முடிவுகள் வேறு கதை சொல்லியிருந்தன. ஒன்பதே மாதத்தில் 5 லட்சம் ராட்செட் விற்றது. 10,000 டாலர் உச்சவரம்பும் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகும் கோடிக்கணக்கில் விற்றது, அவருக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை.

விஷயம் தெரிந்ததும் ராபர்ட்ஸ் கோர்ட்டுக்குப் போனார். மோசடி செய்துதான் உரிமையை வாங்கியிருக்கிறார்கள் என்று ஜூரி தீர்ப்பளித்து, 10 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அப்படியும் வழக்கு ஓயவில்லை. மேல்முறையீடு, மறுவிசாரணை என இழுத்துக்கொண்டே போய், கடைசியில் 1989-ல் 82 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. பட்டனைக் கண்டுபிடித்தபோது பள்ளி வயதைத் தாண்டியிருந்த பையன், பணம் முழுசா கைக்கு வரும்போது நாற்பதைத் தாண்டிய மனிதர்.

நட்டு ஏன் மழுங்குது?

சரி, நம்ம வீட்டு வண்டிக்கு வருவோம். எல்லாருக்கும் நடக்கும் விபத்து ஒன்று உண்டு. ஸ்பேனரைப் போட்டு அழுத்துகிறோம், 'சடக்'. நட்டு திரும்பவில்லை, அதன் மூலைகள் மட்டும் உருண்டு போச்சு. நானும் அனுபவப்பட்டவன்தான். பின்சக்கர நட்டைக் கழட்டும்போது மலிவு ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி நேராகப் போய் சைலன்ஸரில் இடித்தது. காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. மழுங்கின நட்டை எடுக்க வெல்டிங் கடைக்குப் போக வேண்டியதாயிற்று.

காரணம் இதுதான். 13 மி.மீ. நட்டு என்றால் அது சரியாக 13 மி.மீ. இருக்காது, ஒரு துளி குறைவாக இருக்கும். ஸ்பேனர் ஒரு துளி அதிகமாக இருக்கும். அப்போதுதான் உள்ளே நுழையும். இந்த இடைவெளி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. மலிவு ஸ்பேனரில் இடைவெளி பெரிது. போதாக்குறைக்கு இரும்பும் மிருதுவாக இருந்தால், அழுத்தும்போது ஸ்பேனரின் வாய் விரியும். அப்போது மொத்த விசையும் நட்டின் பக்கவாட்டில் விழாமல் மூலையில் மட்டும் விழும். மூலைதான் நட்டிலேயே பலவீனமான இடம், அது நொறுங்கி உருண்டுவிடும்.

அரை இஞ்ச் நட்டுக்கு 13 மி.மீ. ஸ்பேனர் போடுவதும் இதே தப்புதான். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. நுழையும், திரும்பவும் செய்யும், இறுகிப்போன நட்டாக இருந்தால் காலி.

சாக்கெட் வாங்கும்போது உள்ளே எத்தனை மூலை இருக்கிறது என்று பாருங்கள். 12 மூலை சாக்கெட்டை 30 டிகிரிக்கு ஒருமுறை மாட்டலாம் என்பதால் சௌகரியம். ஆனால் துருப்பிடித்து இறுகிய நட்டுக்கு 6 மூலை சாக்கெட்தான் பாதுகாப்பு. அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், மூலையைத் தொடாமல் நட்டின் தட்டையான பக்கத்தைப் பிடிக்கிற மாதிரி சாக்கெட்டின் உட்புறத்தை வடிவமைத்தது. இப்போது பல நல்ல பிராண்டுகளில் அதே போன்ற வடிவம் வருகிறது.

அந்த ஸ்னாப்-ஆன் பிறந்த கதையும் ஒரு 'வேண்டாம்' என்ற பதிலில்தான் ஆரம்பிக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனிக் கைப்பிடி. ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஜோசப் ஜான்சன் யோசனை சொன்னார். வேலை பார்த்த கம்பெனியில் எடுபடவில்லை. 1920-ல் நண்பர் வில்லியம் சைட்மேனுடன் சேர்ந்து தானே கம்பெனி தொடங்கிவிட்டார்.

பளபளப்பை நம்பலாமா?

பளபளப்பு என்பது மேலே பூசிய குரோம். துருப்பிடிக்காமல் காக்கும், பலம் தராது. பலம் உள்ளே இருக்கும் இரும்பிலும், அதைச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்தும் விதத்திலும் இருக்கிறது. நல்ல ஸ்பேனர் பெரும்பாலும் குரோம் வனேடியம் கலந்த எஃகு. பதம் கூடினால் கண்ணாடி மாதிரி உடையும், குறைந்தால் வாய் பிளக்கும். 'குரோம் வனேடியம்' என்று மேலே முத்திரை குத்தியிருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம், முத்திரையை யாரும் குத்தலாம்.

மெக்கானிக் கடையில் கருப்பு நிற சாக்கெட் பார்த்திருப்பீர்கள். அது 'டர்ர்ர்' என்று சுத்தும் இம்பாக்ட் கன்னுக்கானது. சுவர் தடிமன் அதிகம், அடிக்கு அடி தாங்கும். பளபள சாக்கெட்டை அந்தக் கன்னில் மாட்டவே மாட்டாதீர்கள். வெடித்துச் சிதறினால் துண்டு கண்ணுக்குத்தான் வரும்.

இதற்காக வெளிநாட்டு டூல்தான் வேண்டும் என்று அர்த்தமில்லை. பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவிகளுக்குப் பெயர் போன ஊர்கள். அங்கே செய்கிற ஸ்பேனர்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகின்றன. நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நல்ல இந்திய பிராண்டே வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். போலி பிராண்ட் நிறைய சுத்துது, அதனால் பழக்கமான கடையில் பில்லோடு வாங்குங்கள்.

பைப் போட்டுத் திருகலாமா?

ஸ்பேனர் சைஸ் பெரிதாகப் பெரிதாக அதன் நீளமும் கூடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அழகுக்காக அல்ல. சின்ன போல்ட்டைக் கை பலத்தில் முறித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நீளம். 25 செ.மீ. கைப்பிடியில் 20 கிலோ விசை கொடுத்தால் போல்ட் மேல் ஏறுவது சுமார் 49 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் பைப்பைச் சொருகினால் அதே விசைக்கு 196. நான்கு மடங்கு! கழட்டும்போது ராட்செட்டின் பல் போகும். மாட்டும்போது போல்ட்டின் மரை போகும். இன்ஜின் ஆயில் போல்ட் மாட்டும் இடம் பல வண்டிகளில் அலுமினியம். அங்கே மரை போனால் செலவு ஸ்பேனர் விலையைத் தாண்டும். 'மரை கழண்ட கேஸ்' என்று சும்மாவா சொன்னாங்க.

இறுகிய நட்டுக்கு முதலில் துரு இளக்கும் ஆயிலை அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். பிறகு நீளமான கைப்பிடி, 6 மூலை சாக்கெட். முடிந்தவரை உங்கள் பக்கமாக இழுங்கள், தள்ளாதீர்கள். வழுக்கினாலும் முட்டி தப்பிக்கும்.

வீட்டில் இருக்கும் சாதாரண ஓபன் ஸ்பேனரை இப்போதே எடுத்துப் பாருங்கள். தலை நேராக இருக்காது, 15 டிகிரி சாய்ந்திருக்கும். செய்யும்போது கோணிப்போனது இல்லை அது. இடமில்லாத இடத்தில் ஒருமுறை திருகிவிட்டு, ஸ்பேனரைக் குப்புறத் திருப்பிப் போட்டால் அடுத்த பிடி கிடைக்கும். ராட்செட் வாங்கக் காசு இல்லாத காலத்து ராட்செட் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடையில் ரெண்டு நிமிஷம்

ராட்செட்டில் ஒரு சாக்கெட்டை மாட்டி, சாக்கெட்டை ரெண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்பக்கம் சுத்துங்கள். சாக்கெட் கூடவே சுத்தினால் ஸ்பிரிங் சரியில்லை. தலையை ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்று இருந்தால் வைத்துவிடுங்கள். 'கிர்ர்ர்' சத்தம் ஒரே சீராகக் கேட்க வேண்டும், நடுவில் எங்கேயாவது தடுமாறினால் பல் வெட்டு சரியில்லை. ராட்செட்டைப் பிரித்து ரிப்பேர் செய்ய உள்பாகங்கள் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

நூறு பீஸ் செட்டைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. டூவீலர் வைத்திருப்பவருக்கு ஒரு நல்ல ராட்செட்டும் 8, 10, 12, 14, 17 மி.மீ. சாக்கெட்டும் இருந்தால் வண்டியின் பாதி வேலை முடியும். அதில் 10 மி.மீ. மட்டும் ரெண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். உலகத்தில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் தொலைந்துபோவது அதுதான் என்பார்.