கோ - வென்ட் - கான்: கொங்குத் தமிழிலேயே வழி இருக்கிறது!

“கோ - வென்ட் - கான்! கம் - கேம் - கம்! ஸீ - ஸா - ஸீன்!”

கோவை வட்டாரத்தில் மாலை நேர டியூஷன் வகுப்புப் பக்கம் போனால், இந்த ராகம் காதில் விழும். வாய்ப்பாடு போல மாணவர்கள் மளமளவென்று ஒப்பிக்கிறார்கள்.

ஆனால் பட்டம் வாங்கி, வேலைக்கு நேர்முகத் தேர்வில் உட்கார்ந்ததும் என்ன ஆகிறது? “ஐ டிட் நாட் வென்ட்” என்று வாய் தவறுகிறது. எதிரே இருப்பவர் புன்னகை செய்கிறார். தொழில் தெரிந்த பிள்ளை, அத்தோடு வாயை மூடிக் கொள்கிறான்!

ஏன் இந்தத் தொல்லை?

“வாக்” என்றால் “வாக்டு”. இது ஒழுங்கான வினைச்சொல். “கோ” என்றால் “கோடு” என்று ஏன் வரவில்லை? “வென்ட்” என்பது உண்மையில் “வென்ட்” (wend; கடைசி எழுத்து ‘t’ அல்ல, ‘d’) என்ற வேறொரு பழைய சொல்லின் இறந்த காலம். அது இங்கே வந்து குடியேறிவிட்டது!

பழைய ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைச்சொற்கள் 177-ஐ ஆராய்ந்து, 2007-ல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். அவற்றில் இன்றும் ஒழுங்கற்றவையாக இருப்பவை 98தான். “ஹெல்ப்” கூட ஒரு காலத்தில் “ஹோல்ப்” என்று மாறியதுதான். அதிகம் புழங்காத சொற்கள் பொது விதிக்கு அடங்கிப் போயின. நாள்தோறும் நாவில் புரண்டவை அடங்கவில்லை.

தமிழில் இல்லையா?

நில் - நின்றான். வில் - விற்றான். சொல் - சொன்னான். மூன்றும் ‘ல்’லில்தான் முடிகின்றன; மூன்றும் மூன்று விதம்! வா என்பது வந்தான் ஆகிறது; சா என்பது செத்தான் ஆகிறது. இதற்கு யாராவது பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தோமா? பேசிப் பேசித்தானே வந்தது!

“சந்தைக்குப் போனனுங்க” என்பவர், “போகலீங்க” என்றும் சொல்கிறார். “போனலீங்க” என்று எந்தக் கொங்கு நாட்டுக்காரரும் சொல்வதில்லை. “டிட் நாட் கோ” என்பதும் இதேதான்! காலத்தை “டிட்” சுமந்துகொள்கிறது. வினைச்சொல் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது.

மூன்றாவது வடிவமும் அந்நியமல்ல. “பார்த்திருக்கிறேன்” என்பதில் உள்ள “இருக்கிறேன்” போன்றதே “ஹேவ் ஸீன்” என்பதில் வரும் “ஹேவ்”.

பழகும் முறை

1959-ல் அன்றைய சென்னை மாநிலத்தில் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு பெரும் பயிற்சி இயக்கம் தொடங்கியது. பயிற்சி பெற்றவர் பிறருக்குக் கற்பிக்க, அது உருண்டு பெருகியதால் “சென்னைப் பனிப்பந்து” என்றே பெயர் பெற்றது. முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதே அதன் அடிப்படை.

வீட்டிலும் இதைச் செய்யலாம். நாளைக்கு ஐந்து சொற்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம்:

“ஐ ஸீ மருதமலை எவ்ரி டே.”

“ஐ ஸா மருதமலை எஸ்டர்டே.”

“ஐ ஹேவ் ஸீன் மருதமலை.”

ஓசை ஒத்த சொற்களைக் கூட்டாகப் பழகுங்கள். சிங் - சாங் - சங், ரிங் - ராங் - ரங் ஒரு குடும்பம். ப்ரிங் - ப்ராட், திங்க் - தாட், பை - பாட் இன்னொன்று. கட், புட், ஷட் ஆகியவை மாறவே மாறாத சாதுக்கள்!

பெற்றோர்களே, பிள்ளை தவறாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். சரியான வாக்கியத்தை ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். அவனைத் திருப்பிச் சொல்ல விடுங்கள். வாய் திறந்த பிள்ளைக்குத்தான் மொழி வரும்!