கை தெரியாத கலை: மடிக்கணினி மேடை குறித்துச் சில குறிப்புகள்

1

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஓர் ஒளிப்பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடையில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு லேப்டாப். பின்னால் ஒருவன் நிற்கிறான். திரையின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுகிறது. கீழே நூற்றுக்கணக்கானோர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவன் எப்போதாவது ஒரு விரலை அசைக்கிறான். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த நண்பர் கேட்டார்: “இவன் என்னதான்யா பண்றான்? அங்க நின்னுக்கிட்டு ஈமெயில் பாக்குறானா? பட்டனத் தட்டுறதுக்கு எதுக்கு ஒரு மேடை?”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று உறுத்தியது. ரோலான் பார்த்தை வைத்துக்கொண்டு, ஆசிரியன் செத்துப்போனான், இனி பிரதிதான் மிச்சம் என்று எங்களோடு விடிய விடியச் சண்டை போட்டவர் இதே நண்பர்தான். எழுத்தில் ஆசிரியனைக் கொன்று புதைத்துவிட்ட நாம் மேடையில் மட்டும் ஏன் ஒரு கையைத் தேடுகிறோம்? வியர்வையும் புடைத்த நரம்பும் தந்தியில் ஓடும் விரலும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது படைப்பு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

நான் இசை கற்றவன் அல்ல. தமிழ் படித்தவன். கேட்பவன் என்ற ஒரே உரிமையில் எழுதுகிறேன். நண்பரின் கேள்வியை முட்டாள்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கேள்வி சரி, அது கேட்கப்படும் இடம்தான் தவறு என்று சொல்ல வருகிறேன்.

2

கதை லேப்டாப்பில் தொடங்கவில்லை. 1939இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜான் கேஜ் தன் ‘இமாஜினரி லேண்ட்ஸ்கேப் எண் 1’ என்ற ஆக்கத்தில் வேகம் மாற்றக்கூடிய இசைத்தட்டுச் சுழலிகளை வாத்தியமாகப் பயன்படுத்தினார். அது நவீன இசை வரலாற்றில் ஏறிவிட்டது. 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு விருந்து நடந்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த 18 வயது கிளைவ் கேம்பல் அங்கே தட்டுகளை ஓடவிட்டார். உலகம் அவரை டி.ஜே. கூல் ஹெர்க் என்று அறியும். பாட்டு நின்று தாளம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே ஆடுபவர்கள் காத்துக்கிடக்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலிகளில் வைத்தார். ஒன்றில் அந்தத் தாளம் முடியும்போது இன்னொன்றில் அது தொடங்கும். சில விநாடிகள் பல நிமிடங்களாக நீண்டன. ஹிப்ஹாப் என்று பின்னால் பெயர் பெற்ற எல்லாவற்றுக்கும் இது ஓர் அடித்தளம்.

கேஜின் கையிலும் ஹெர்க்கின் கையிலும் இருந்தது ஏறக்குறைய ஒரே எந்திரம். ஒருவருக்கு இசையமைப்பாளர் என்ற பெயர். மற்றவர் நெடுங்காலம் ‘பாட்டுப் போடுறவன்’. நம்மூர் மைக்செட்காரரை எப்படிச் சொல்கிறோமோ அப்படி. ஆக, ‘இவன் என்ன பண்றான்?’ என்ற கேள்வி ஒருபோதும் வெறும் அழகியல் கேள்வியாக இருந்ததில்லை. எவருடைய உழைப்பு கலையாகக் கணக்கில் வரும், எவருடையது வராது என்ற இனம், வர்க்கம் சார்ந்த வரிசைப்படுத்தலும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

தமிழ் மாணவனுக்கு இங்கே ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. தொல்காப்பியம் முதல்நூல், வழிநூல் என்று பிரித்துவிட்டு வழிநூலை மட்டமாகப் பேசுவதில்லை. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று அதற்கு நான்கு வகை சொல்கிறது. அதாவது முன்னோரின் பொருளை எடுத்து ஒருவன் செய்யும் வேலைக்கு இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறது. ஹெர்க் செய்தது விரித்தல். ‘சொந்தமாக ஒன்றுமே இல்லையே’ என்ற முகச்சுளிப்பு நம் இலக்கணத்திலிருந்து வந்ததல்ல. அது அச்சுக்கும் காப்புரிமைக்கும் பிறகு வந்த பழக்கம்.

3

இனி லேப்டாப்புக்கு வருவோம். அது எதை எடுத்துக்கொண்டது, எதைக் கொடுத்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தட்டுக் காலத்து டி.ஜே. இரண்டு பாடல்களின் வேகத்தைக் காதாலேயே ஒன்றாக்க வேண்டும். ஒரு காதில் ஹெட்ஃபோன், மறு காதில் அரங்கம். அடுத்து வரப்போகும் பாடல் அவருக்கு மட்டும் கேட்கும். வேகத்தை மாற்றும் சறுக்குப் பொத்தானை மயிரிழையில் நகர்த்தி, தட்டின் விளிம்பை விரலால் தொட்டு, இரண்டு தாளமும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்வரை விடக்கூடாது. கொஞ்சம் பிசகினால் இரண்டு தாளமும் ஒன்றையொன்று இடறும். அரங்கத்துக்கே தெரிந்துவிடும்.

2000களின் தொடக்கத்தில் ஃபைனல் ஸ்க்ராட்ச் போன்ற அமைப்புகள் வந்தன. இவற்றில் சுழலும் தட்டில் பாட்டே கிடையாது. அதில் பதிந்திருப்பது ஒரு குறியீட்டு ஒலி. முள் எந்த இடத்தில் இருக்கிறது, தட்டு எந்தத் திசையில், என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதை அந்த ஒலியிலிருந்து கணினி படித்து, தனக்குள் இருக்கும் பாட்டை அதேபோல் ஓட்டுகிறது. கை பழைய கைதான், இசைதான் இடம்பெயர்ந்துவிட்டது. அடுத்த கட்டத்தில் கையும் வேண்டாமென்றாயிற்று. மென்பொருள் தானே தாளத்தை அளந்து இரண்டு பாடல்களையும் ஒரே பொத்தானில் இணைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் பழகிய வித்தை ஒரு சொடுக்கில் அடங்கியது.

2001இல் பெர்லினிலிருந்து வெளியான ‘ஏபிள்டன் லைவ்’ இன்னொரு பாதை திறந்தது. அதை உருவாக்கியவர்களில் கெர்ஹார்ட் பேலஸ், ராபர்ட் ஹென்கே இருவரும் ‘மோனோலேக்’ என்ற பெயரில் இசை செய்தவர்கள். மேடையில் தங்களுக்குத் தேவைப்பட்டதைத்தான் கருவியாக்கினார்கள் எனலாம். திரையில் கட்டம் கட்டமாகச் சிறு ஒலித்துண்டுகள். ஒரு கட்டத்தைத் தொட்டால் அது உடனே ஒலிக்காது. அடுத்த தாள ஆவர்த்தம் தொடங்கும்வரை காத்திருந்து, சரியான இடத்தில் தானே சேர்ந்துகொள்ளும்.

கவனிக்க வேண்டிய இடம் இது. தொடுதலுக்கும் ஒலிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. தட்டுக்காரரின் திறமை விநாடியின் சிறு பகுதிக்குள் இருந்தது. லேப்டாப்காரரின் திறமை, இருந்தால், அடுத்த எட்டு ஆவர்த்தத்தை இப்போதே கேட்பதில் இருக்கிறது. விரலின் துல்லியம் போய் முன்னறிவு வந்திருக்கிறது. முன்னறிவுக்கு உடல் அசைவு கிடையாது. ஆகவே பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோல் தெரிகிறது.

“இருந்தால்” என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். வேகம் இணைக்கும் வேலையிலிருந்து விடுபட்ட மனம் என்ன செய்கிறது என்பதே கேள்வி. ரிச்சி ஹாட்டின் 2001இல் வெளியிட்ட ‘டிஈ9: க்ளோசர் டு தி எடிட்’ என்ற தொகுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைச் சிறுசிறு துண்டுகளாக்கி, எந்தத் துண்டு எந்தப் பாடலுடையது என்று பிரிக்க முடியாதபடி நெய்தார். விடுபட்ட மனம் அங்கே வேலை செய்திருக்கிறது. மறுபக்கம், முன்கூட்டியே கோத்த ஒரு மணி நேரத்தை ஓடவிட்டுவிட்டுக் கைகளை உயர்த்திக் கும்பிடு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். இதை வெளியிலிருந்து யாரோ கிளப்பிய வதந்தி என்றும் சொல்ல முடியாது. பெரிய மேடைகளின் நட்சத்திரமான கனடாவின் டெட்மாவ்5, நாங்கள் எல்லோரும் ஓடவிடும் பொத்தானை அழுத்துபவர்கள்தாம் என்று 2012இல் தானே எழுதினார். வாணவேடிக்கையும் ஒளியும் காணொளியும் ஒரு விநாடி பிசகாமல் இசையோடு ஓட வேண்டுமென்றால் இசை முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கே பட்டனைத் தட்ட வைப்பது லேப்டாப் அல்ல, மேடையில் கொட்டப்பட்ட மூலதனம்.

இன்னொன்றும் உண்டு. மென்பொருளின் கட்டம் தன்னளவில் ஓர் அழகியல். நான்கு எண்ணிக்கைத் தாளத்தையும் எட்டு எட்டான அடுக்குகளையும் அது இயல்பாக்குகிறது. அதை மீற முடியும். ஆனால் மீறுவதற்குத்தான் முயற்சி வேண்டும், அடங்கிப்போக வேண்டாம். கருவியை வடிவமைத்தவரும் கண்ணுக்குத் தெரியாமல் மேடையில் நிற்கிறார்.

4

கை தெரியவில்லை என்ற சிக்கலுக்கு இசைக்காரர்களே இரண்டு எதிரெதிர் விடைகளைக் கண்டார்கள்.

முதல் விடை: திரையைக் காட்டு. 2004இல் ஹாம்பர்க்கில் கூடிய சிலர் ‘டாப்லாப்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். மூடிமறைத்தல் ஆபத்தானது, உங்கள் திரைகளை எங்களுக்குக் காட்டுங்கள் என்பது அவர்கள் அறிக்கையின் சாரம். மேடையிலேயே நிரல் எழுதி, எழுத எழுத இசையாக்குவது இவர்கள் முறை. எழுதப்படும் ஒவ்வொரு வரியும் கலைஞருக்குப் பின்னால் பெரிய திரையில் ஓடும். அலெக்ஸ் மெக்லீன் உருவாக்கிய ‘டைடல் சைக்கிள்ஸ்’, சாம் ஆரன் உருவாக்கிய ‘சோனிக் பை’ ஆகியவை இதற்கான கருவிகள். இரண்டும் விலையில்லாமல் கிடைப்பவை. ஒரு வரியை மாற்றி இயக்கினால் அடுத்த சுற்றில் தாளம் மாறுகிறது. பிழையாக எழுதினால் புதிய வரி ஏறாது, பழைய தாளமே ஓடிக்கொண்டிருக்கும், பிழைச்செய்தி எல்லோர் கண்ணெதிரிலும் தெரியும். 2012 முதல் ‘ஆல்கோரேவ்’ என்ற பெயரில் இதற்கு மக்கள் ஆடவும் செய்கிறார்கள். மெக்சிகோ நகரத்தில் வெற்றுத் திரையிலிருந்து தொடங்கி ஒன்பது நிமிடத்தில் எழுதி முடிக்கும் ஒரு வழக்கமே வளர்ந்தது. எழுதுபவனுக்கு இதைவிட நெருக்கமான காட்சி வேறு இல்லை. வெள்ளைத் தாளின் முன் நாம் தனியாக அனுபவிக்கும் பயத்தை அவர்கள் கூட்டத்தின் முன் அனுபவிக்கிறார்கள்.

இருந்தாலும் எனக்கு ஒரு தயக்கம். காட்டுவது சரி, காட்டப்படுவதை யாரால் படிக்க முடியும்? ஆங்கிலச் சொற்களும் அடைப்புக்குறிகளும் நிறைந்த அந்தத் திரை, படிக்கத் தெரியாதவனுக்கு மந்திரம்போலத்தான். ஒளிவுமறைவை உடைக்க வந்த ஏற்பாடு புதிய புரோகிதத்தை உண்டாக்கிவிடக் கூடாது.

இரண்டாவது விடை: விளக்கை அணை. இங்கிலாந்தின் ஆட்டெக்கர் இருவர் குழு முழு இருட்டில் வாசிப்பதற்குப் பெயர் போனது. பார்க்க எதுவும் இல்லை, கேள் என்பதே அவர்கள் நிலை. இவர்கள் இருட்டை வெறும் பாவனையாகக் கொண்டவர்கள் அல்லர். 1994இல் பிரிட்டன் அரசு குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தைக் கொண்டுவந்தது. திறந்தவெளி இரவு நடனக் கூட்டங்களைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் தந்த அதன் 63ஆம் பிரிவு, திரும்பத் திரும்ப வரும் தாளத்தை இசையின் அடையாளமாகச் சட்டமொழியில் எழுதிவைத்தது. ஒரு நாடாளுமன்றம் ஒரு தாள வகையையே குறிவைத்தது. சட்டம் நிறைவேறுவதற்குச் சற்று முன் ஆட்டெக்கர் வெளியிட்ட ‘ஆன்ட்டி’ தட்டில் ‘ஃப்ளட்டர்’ என்ற ஒரு பாடல், எந்த இரண்டு ஆவர்த்தமும் ஒன்றுபோல் இல்லாதபடி நிரலாக்கப்பட்டிருந்தது. இதை ஒலிக்கவிடும்போது ஒரு வழக்கறிஞரையும் ஓர் இசையியலாளரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டி.ஜே.க்களுக்குக் கிண்டலாக அறிவுரையும் சொன்னார்கள். எந்திரம் சலிப்பான மறுபடியும் மறுபடியும்தான் என்பவர்களுக்கு, அதே எந்திரத்தால் சட்டத்தின் வாசகத்தைப் பொய்யாக்கிக் காட்டிய எதிர்ப்பு அது. அங்கே கை எங்கே என்று யார் கேட்பார்கள்?

5

இதுவரை சொன்னதைக் கேட்டால் நான் லேப்டாப் பக்கம் முழுமையாகச் சாய்ந்துவிட்டதுபோல் இருக்கும். அப்படியில்லை. ஒரு கடன் கணக்கு பாக்கி இருக்கிறது.

1969இல் வின்ஸ்டன்ஸ் என்ற குழு ‘ஆமென், பிரதர்’ என்ற இசையைப் பதிவு செய்தது. நடுவே டிரம் மட்டும் ஒலிக்கும் நான்கு ஆவர்த்தம். ஏறக்குறைய ஏழு விநாடி. வாசித்தவர் கிரகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர். அந்த ஏழு விநாடி துண்டாக்கப்பட்டு, வேகமாக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான பாடல்களுக்குள் போயிற்று. ஜங்கிள், டிரம் அண்டு பேஸ் என்ற இசைவகைகளே அதன்மேல் எழுந்தன. உலகின் ஏதோ ஒரு லேப்டாப்பில் இன்றிரவும் அது ஒலிக்கும். கோல்மனுக்கு இதற்காக ஒரு காசும் வரவில்லை. 2006இல் வீடற்றவராக இறந்தார்.

ஆசிரியனின் மரணம் பாரிசில் ஒரு கருத்தாக்கம். இங்கே அது ஒரு மனிதரின் மரணம். பிரதி யாருக்கும் சொந்தமில்லை என்று கொண்டாடும் நாம் இந்த மனிதரைத் தாண்டிப் போக முடியாது. காப்புரிமையைக் கடுமையாக்குவதும் தீர்வல்ல. அந்தச் சட்டங்களின் பலன் பெரும்பாலும் வாசித்தவனைவிட நிறுவனத்துக்கே போய்ச் சேர்கிறது. வழிநூல் செய்பவன் முதல்நூலை மறைக்காமல் சொல்வது நம் மரபில் உண்டு. சொல்வதோடு பங்கும் கொடுக்க வேண்டும் என்பது இன்றைய கோரிக்கை. 2015இல் இணையத்தில் ரசிகர்கள் பணம் திரட்டி அந்தக் குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு அளித்தார்கள். அது நன்றி. நியாயம் அல்ல.

6

அப்படியானால் அந்த மேடையில் படைப்பு நடக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? கையை வைத்தல்ல. எனக்குத் தோன்றும் மூன்று கேள்விகளை வைக்கிறேன். இன்றிரவு இது தவறிப்போக வாய்ப்பு இருக்கிறதா? எதிரே ஆடும் கூட்டம் அவன் அடுத்த முடிவை மாற்றுகிறதா, அல்லது காலி அரங்கமாக இருந்தாலும் இதேதான் ஒலித்திருக்குமா? யாருடைய ஒலியின்மேல் நிற்கிறோம் என்பது அவனுக்குத் தெரியுமா, அதைச் சொல்கிறானா? முதல் இரண்டுக்கும் ஆம் என்றால் ஒற்றை விரல் அசைவும் படைப்புதான். இல்லையென்றால் பத்து விரலும் தந்தியில் ஓடினாலும் அது மனப்பாடம். மூன்றாவதற்கு விடை இல்லாதவன் நல்ல கலைஞனாக இருக்கலாம், தோழனாக இருக்க முடியாது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிய்யா, இதெல்லாம் அவன் பண்றான்னே வச்சுக்குவோம். ஆனா பண்றானான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?” என்றார். ஒருமுறை பார்த்தால் தெரியாது. ஒரே ஆளை இரண்டு இரவு, இரண்டு கூட்டத்தின் நடுவே கேட்க வேண்டும் என்றேன். “அப்ப அதுக்கும் காசு வேணுமே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.