ரூ.3,500 என்ற கோடு: கரோல் பாகில் அறை தேடும் தமிழ் இளைஞர்கள்

புது தில்லி: குடிமைப் பணித் தேர்வுக் கனவோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ரயிலில் தலைநகருக்கு வந்திறங்கும் இளைஞர்களுக்கு முதல் தேர்வு கரோல் பாக் சந்துகளிலேயே தொடங்கிவிடுகிறது. பயிற்சி மையத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில், காற்றும் வெளிச்சமும் உள்ள, கைக்கு எட்டும் வாடகையில் ஓர் அறையைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தேர்வுக்குப் பாடத்திட்டமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

கரோல் பாக் தமிழர்களுக்குப் புதிய இடமல்ல. 1911-ல் தலைநகர் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்பட்டதையடுத்து, புது தில்லியைக் கட்டுவதற்காக அப்புறப்படுத்தப்பட்ட கிராம மக்கள் இங்கு குடியமர்த்தப்பட்டனர். 1947 பிரிவினைக்குப் பின் மேற்கு பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளால் கரோல் பாகும், அதையொட்டி உருவான ராஜேந்திர நகர், படேல் நகர் குடியிருப்புகளும் நிரம்பின. மத்திய அரசு அலுவலகங்களில் வேலை கிடைத்து வந்த தமிழ்க் குடும்பங்களும் இந்தப் பஞ்சாபி வீடுகளின் மாடிகளிலும் "பர்சாதி' எனப்படும் மொட்டை மாடி அறைகளிலும் வாடகைக்குக் குடியேறின. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று பூசா சாலையில் இயங்கி வருவது அந்தக் குடியேற்றத்தின் அடையாளம்.

அந்தக் குடும்பங்களில் பல பின்னர் ஜனக்புரி, துவாரகா, மயூர் விஹார் என நகர்ந்துவிட்டன. அவர்கள் விட்டுச் சென்ற இடத்தைப் பயிற்சி மையங்களை நம்பி வரும் மாணவர்கள் பிடித்துக்கொண்டனர். 2005 டிசம்பர் இறுதியில் கரோல் பாக் வழியாக மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதும் வாடகைக்கான தேவை மேலும் பெருகியது.

தடுப்புச் சுவர்களுக்குள் வாழ்க்கை: அகதிக் குடும்பம் ஒன்று வாழ்வதற்காக ஒதுக்கப்பட்ட மனையில் இன்று நான்கு மாடிகள் நிற்கின்றன. ஒவ்வொரு மாடியும் மரப்பலகைத் தடுப்புகளால் பல அறைகளாகக் கூறுபோடப்பட்டுள்ளது. கட்டிலும் மேசையும் போட்டால் நடக்க இடமில்லாத அறைகளுக்கும் மாத வாடகை ஐந்து இலக்கத்தைத் தொடுவது சாதாரணம். முன்பணம், தரகருக்கு அரை மாதம் முதல் ஒரு மாத வாடகை வரை கமிஷன், சாப்பாடு, பயிற்சிக் கட்டணம், அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி என்று செலவு நீள்கிறது.

மின்சாரம் தனிக்கதை. தில்லி அரசு 2019 ஆகஸ்டில் மாதம் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் அறிவித்தது. வாடகைதாரர்கள் ரூ.3,000 முன்வைப்புத் தொகை செலுத்தித் தனி "ப்ரீபெய்டு' மீட்டர் பெறும் திட்டமும் அதே ஆண்டு செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆனால், கூறுபோட்ட அறைகளில் உரிமையாளர் பொருத்தும் துணை மீட்டரும், அவர் நிர்ணயிக்கும் யூனிட் விலையுமே நடைமுறை. சலுகை வீட்டின் வாசலோடு நின்றுவிடுகிறது.

ஒரே தெரு, இரண்டு சட்டம்: தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குறிப்பிட்ட காரணங்கள் இன்றி வாடகைதாரரை வெளியேற்ற முடியாது என்ற வலுவான பாதுகாப்பை அது தந்தது. ஆனால், 1988-ல் கொண்டுவரப்பட்ட திருத்தம், மாத வாடகை ரூ.3,500-ஐத் தாண்டும் கட்டடங்களுக்கு இச் சட்டம் பொருந்தாது என்று கோடு கிழித்தது. அன்று அது வசதி படைத்தோரின் வாடகை. இன்று கரோல் பாகில் அந்தத் தொகைக்கு ஒரு படுக்கை கிடைப்பதே அரிது.

இதன் விளைவு விசித்திரமானது. பல பத்தாண்டுகளுக்கு முன் நிர்ணயித்த சொற்ப வாடகையில் கடை நடத்தும் வியாபாரிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதே கட்டடத்தின் மாடியில் பல மடங்கு வாடகை தரும் மாணவருக்கு அது இல்லை. அவரைக் காப்பது கையெழுத்திட்ட ஒப்பந்தம் மட்டுமே. ஒப்பந்தமும் இல்லையெனில், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி 15 நாள் நோட்டீஸில் மாத வாடகை உறவை முடித்துவிடலாம்.

இந்த முரண்பாட்டைக் களைய 1995-ல் நாடாளுமன்றம் புதிய தில்லி வாடகைச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. பழைய வாடகையில் இருந்த வியாபாரிகளின் கடும் எதிர்ப்பால் அச் சட்டம் நடைமுறைக்கு வரவேயில்லை.

ஒப்பந்தங்கள் 11 மாதங்களுக்கு மட்டும் போடப்படுவதற்கும் காரணம் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க 11 மாதம் வசதியாகிவிட்டது. பன்னிரண்டாவது மாதத்தில் வாடகை உயரும். மறுப்பவர் பெட்டியைக் கட்ட வேண்டும்.

உயிரைக் கேட்கும் நிலவறைகள்: இடநெருக்கடி பணத்தோடு நிற்கவில்லை. 2019 பிப்ரவரி 12-ம் தேதி கரோல் பாகில் ஹோட்டல் ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் 17 பேர் உயிரிழந்தனர். 2023 ஜூனில் முகர்ஜி நகர் பயிற்சி மையத்தில் தீப்பிடித்தபோது மாணவர்கள் கேபிள்களைப் பிடித்து ஜன்னல் வழியே இறங்கினர். 2024 ஜூலை 27-ம் தேதி பழைய ராஜேந்திர நகரில் பயிற்சி மையத்தின் நிலவறை நூலகத்தில் மழைநீர் புகுந்து உத்தரப் பிரதேசம், தெலங்கானா, கேரளம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த மூன்று மாணவர்கள் பலியாயினர். வாகன நிறுத்தத்துக்கும் பொருள்கள் வைப்பதற்கும் அனுமதி பெற்ற நிலவறை அது.

வழக்கைத் தில்லி உயர் நீதிமன்றம் சிபிஐ வசம் ஒப்படைத்தது. பயிற்சி மையங்கள் மரணக் கூடங்களாகிவிட்டதாக உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. நிலவறைகள் பல சீல் வைக்கப்பட்டன. தெருவில் அமர்ந்து போராடிய மாணவர்களின் கோரிக்கைகளில் வாடகைக்கு வரம்பு நிர்ணயிக்க வேண்டும் என்பதும் ஒன்று.

பெயரைக் கேட்டதும் மூடும் கதவு: பணம் இருந்தாலும் அறை கிடைத்துவிடும் என்பதில்லை. "சைவம் மட்டுமே' என்ற நிபந்தனை இங்கு சர்வசாதாரணம். பெயரையும் ஊரையும் கேட்டபின் "அறை போய்விட்டது' என்ற பதிலைப் பலர் கேட்க நேர்கிறது. வீடு வாங்குவதிலும் வாடகைக்குப் பெறுவதிலும் முஸ்லிம்கள் சந்திக்கும் சிரமத்தை சச்சார் குழு 2006-லேயே பதிவு செய்தது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகள், ஹோட்டல்கள், கிணறுகள் போன்ற பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. தனியார் வாடகை வீட்டின் கதவு அந்தப் பட்டியலில் இல்லை.

வழி என்ன? மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2-ம் தேதி மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மிகாத முன்பணம், தகராறுகளுக்குத் தனி வாடகை ஆணையம் ஆகியன அதன் சாரம். ஆனால், அது மாதிரி மட்டுமே. அதைச் சட்டமாக்கினால்தான் பயன். தமிழகம் இதில் முந்திக்கொண்டது. 2017-ல் இயற்றப்பட்ட தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது.

அதுவரை அறை தேடுவோர் தற்காப்பைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியுள்ளது. வாடகையை வங்கி வழியாகச் செலுத்துவது, மின் யூனிட் விலையையும் முன்பணம் திரும்பும் நாளையும் ஒப்பந்தத்தில் எழுதுவது, போலீஸ் சரிபார்ப்புப் படிவத்தின் நகலைப் பத்திரப்படுத்துவது, இரண்டாவது வெளியேறும் வழி உள்ளதா எனப் பார்ப்பது, நிலவறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மறுப்பது ஆகியன குறைந்தபட்சத் தேவைகள். பூட்டை மாற்றி வெளியேற்றினால், தனிப்பட்ட நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடரலாம்.

தமிழக அரசு "நான் முதல்வன்' திட்டத்தின் கீழ், தேர்ந்தெடுக்கப்படும் 1,000 குடிமைப் பணித் தேர்வர்களுக்கு மாதம் ரூ.7,500 வழங்க 2023-ல் முடிவு செய்தது. தலைநகரின் அறை வாடகைக்கே அது போதாது. உதவித்தொகையை உயர்த்துவது ஒரு வழி. ரூ.3,500 என்று 1988-ல் கிழித்த கோட்டை அழிப்பது மற்றொன்று. அந்தக் கோட்டைக் கிழித்தது நாடாளுமன்றம். அழிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. தமிழகம் மக்களவைக்கு அனுப்பும் 39 உறுப்பினர்கள் இதற்குக் குரல் எழுப்ப, கரோல் பாகிலிருந்து சில கிலோ மீட்டர் தொலைவில்தான் அவை கூடுகிறது.