டர்ட் பைக் எஞ்சினை எப்போது பிரிக்க வேண்டும்?

இலக்கியம் பேசுகிற இடத்தில் பிஸ்டனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே ஒன்டாரியோவில் மண்மேடுகளில் 'டர்ட் பைக்' ஓட்டும் பிள்ளைகளில் என் மகனும் ஒருவன். அவன் ஓட்டுவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் எஞ்சினைக் கவனிப்பது என் பொறுப்பு என்பது எங்கள் ஒப்பந்தம். மேட்டிலிருந்து எம்பும் நொடியில் எஞ்சின் இழுக்காமல் போனால், வண்டி எதிர்மேட்டில் போய் மோதும். ஓடும்போதே எஞ்சின் 'சீஸ்' ஆனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆகவே இது வெறும் செலவுக் கணக்கு அல்ல.

சாலையில் ஓடும் வண்டியின் அனுபவத்தை முதலில் மறந்துவிட வேண்டும். ஊரில் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் 'ரிங் போயிருச்சு சார், போர் பண்ணணும்' என்பார் மெக்கானிக். பந்தய ரக டர்ட் பைக்குக்குக் கிலோமீட்டர் கிடையாது, மணிக்கணக்குதான். 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 13,000 சுற்றுகளைத் தொடும். பந்தயம் ஓட்டுபவர்கள் 15 மணி நேரத்திலேயே பிஸ்டனை மாற்ற வேண்டும் என்று சொல்லும் கையேடுகள் உண்டு. பொழுதுபோக்குக்கு ஓட்டுபவர்களுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். ஆனாலும் மணி காட்டும் சிறிய மீட்டர் ஒன்றைப் பொருத்திவிடுங்கள். அது இல்லாமல் மற்ற அறிகுறிகளைப் பார்ப்பது தேதி போடாத டைரியைப் படிப்பதுபோல.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கொஞ்சம் வெள்ளந்தி. நோவை மறைக்காது. கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்கினால் அழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். குளிர்ந்த நிலையில் 'டக டக' என்று அடித்தால் பிஸ்டன் தேய்ந்து சிலிண்டருக்குள் ஆடுகிறது. புகையைக் கண்டு பயப்பட வேண்டாம், பெட்ரோலோடு ஆயிலும் எரிகிற வண்டி அது. ஆனால் சூடான பிறகும் வெண்புகை தள்ளி, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது. புகையில் தித்திப்பு வாடையும் ரேடியேட்டரில் நீர்க்குறைவும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட்.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்று. ஆக்சிலரேட்டரை மூடிய பிறகும் எஞ்சின் இறங்காமல் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் எங்கோ வெளிக்காற்று உள்ளே புகுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் அதோடு கலந்து வரும் ஆயிலும் போதாமல் சூடு ஏறும். பிஸ்டன் உருகி ஓட்டை விழவும் கூடும். அதற்குச் சற்று முன்பு வண்டி வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாகப் போவதாக ஓட்டுபவனுக்குத் தோன்றும். 'இன்னைக்கு சூப்பரா போகுதுப்பா' என்று மகன் சொன்னால் நான் மகிழ்வதில்லை, முதலில் சீலைப் பார்க்கிறேன்.

ஃபோர் ஸ்ட்ரோக் அழுத்தக்காரன். கடைசி நாள்வரை நன்றாக இழுத்துவிட்டு, போகும்போது சிலிண்டர், ஹெட், கிராங்க் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். அதன் வாயைத் திறக்க வைக்கும் இடம் வால்வுதான். வால்வும் அது உட்காரும் இடமும் தேயத் தேய, வால்வு ஹெட்டுக்குள் மேலேறும். கேமுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறையும். ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது இதன் முதல் அடையாளம். மெல்லிய 'ஷிம்' மாற்றி இடைவெளியைச் சரிசெய்யலாம். ஆனால் சில மணி நேரத்திலேயே மறுபடி குறைந்தால் டைட்டானியம் வால்வின் கடினமான மேற்பூச்சு போய்விட்டது. அதன் பிறகும் ஷிம் மாற்றிக்கொண்டிருப்பது வெட்டிவேலை, பிரித்துவிட வேண்டியதுதான்.

நீலப்புகை வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது. ஆயில் ஃபில்டரின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள்கள் தென்பட்டால் பியரிங்கோ கியரோ தேய்கிறது, அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

அழுத்தத்தை மீட்டர் வைத்து அளப்பது டூ ஸ்ட்ரோக்குக்குச் சரி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக அழுத்தத்தைத் தானே வெளிவிடும் அமைப்பு இருப்பதால் அந்த அளவு ஏமாற்றும். பிஸ்டனை அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, காற்றை உள்ளே செலுத்திக் காது கொடுத்துக் கேட்பதே மேல். சைலன்சரில் 'உஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உறிஞ்சும் வாயில் என்றால் இன்டேக் வால்வு, கிராங்க்கேஸின் மூச்சுக்குழாயில் என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

மேல்பாகத்தைப் பிரித்தபின் கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் கிராங்க்கையும் பிரிக்க வேண்டும். பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பு. ஊரில் ஆர்எக்ஸ் 100க்குச் செய்ததுபோல லேத்தில் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் வழி இங்கே செல்லாது. இன்றைய சிலிண்டர்களின் உட்சுவரில் நிக்கல் கலந்த பூச்சு உண்டு. ஆழமாகக் கீறினால் மறுபூச்சு போட வேண்டும், இல்லையேல் புதுச் சிலிண்டர்தான்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். முன்பே சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஓட்டி வைத்திருக்கிறார்கள், ஸ்டார்ட் ஆகும் சிரமம் உங்களுக்குத் தெரியக் கூடாதென்று. அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் ஒட்டினால் எஞ்சினும் அதைத் தின்றிருக்கிறது. பிரித்துச் சரிசெய்யும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.