உயிர்களின் பெயரும் கணிப்பொறியின் குழப்பமும்

இறைவன் தாம் படைத்த விலங்குகளையும் பறவைகளையும் ஆதாமிடம் கொண்டுவந்தார் என்றும், அவன் இட்ட பெயரே அவற்றிற்கு நிலைத்தது என்றும் ஆதியாகமத்தில் படிக்கிறோம். மனிதன் செய்த முதல் வேலைகளுள் ஒன்று உயிர்களுக்குப் பெயரிடுதல். அந்த வேலை இன்னும் முடிந்தபாடில்லை! இன்று அதில் கணிப்பொறியும் பங்கு கொள்கிறது. அதனால் நன்மைகள் பல. சிக்கல்களும் சில உண்டு.

எந்த ஊரில், எந்த நாளில், எந்தச் செடி அல்லது பறவை காணப்பட்டது, கண்டவர் யார் என்று குறித்து வைப்பதை உயிரினப் பதிவு என்பர். பிரிட்டனில் இப்பணிக்கென்றே 1964ஆம் ஆண்டில் உயிரினப் பதிவு மையம் நிறுவப்பட்டது. முன்பு அட்டைகளில் எழுதப்பட்ட குறிப்புகள் இன்று கணிப்பொறியில் சேர்கின்றன. ஓர் உயிரினம் பெருகுகிறதா, அழிகிறதா என்று அறிய இவையே ஆதாரம்.

நாட்டு வழக்குப் பெயரை மட்டும் எழுதினால் போதாதா? போதாது. இங்கிலாந்தில் ‘புளூபெல்’ என்றால் வசந்த காலத்தில் காட்டுத் தரை முழுவதும் நீலமாய்ப் பூக்கும் கிழங்குச் செடி. ஸ்காட்லாந்திலோ அதே பெயர், மெல்லிய தண்டில் மணிபோல் தொங்கும் வேறொரு பூவைக் குறிக்கும். இக்குழப்பத்தைத் தவிர்க்க உதவுவது இருசொற் பெயர் முறை. ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கும், 1758இல் விலங்குகளுக்கும் இதனை முறையாகக் கையாண்டார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டு சொற்களும் சேர்ந்து சிற்றினத்தையும் குறிக்கும்.

ஆயினும் இப்பெயர்களிலும் மூவகைச் சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, ஓர் உயிருக்குப் பல பெயர். நாம் அருந்தும் தேநீரையே பாருங்கள். தேயிலைச் செடிக்கு லின்னேயஸ் ‘தேயா சினென்சிஸ்’ என்று பெயரிட்டார். மணிலாவில் மூலிகைகளை ஆராய்ந்த சேசு சபைச் சகோதரர் கமேல் என்பவரின் நினைவாக, ‘கமேலியா’ என்று வேறொரு பேரினத்திற்கும் பெயர் சூட்டினார். இரண்டும் ஒரே பேரினம் என்று பின்வந்தோர் கண்டதால், தேயிலை இன்று ‘கமேலியா சினென்சிஸ்’ ஆகிவிட்டது. இதனை அறியாத கணிப்பொறி, ஒரே செடியை இரண்டாக எண்ணிவிடும்.

இரண்டாவது, ஒரே பெயரில் இரண்டு உயிர்கள். தாவரப் பெயர்களுக்கும் விலங்குப் பெயர்களுக்கும் விதிகள் தனித்தனி. எனவே ‘புருனெல்லா’ என்ற பேரினம் பறவைகளிலும் உண்டு. துளசியின் குடும்பத்துச் செடிகளிலும் உண்டு. பேரினப் பெயரை மட்டும் கொடுத்தால் பாவம், கணிப்பொறி என்ன செய்யும்?

மூன்றாவதே மிகவும் கடினமானது. ஒன்றென்று எண்ணியது இரண்டாகப் பிரிதல். பிரிட்டனில் ‘பிப்பிஸ்டிரெல்’ என்ற சிறு வௌவால் உண்டு. அதன் எடை சுமார் 5 கிராம்தான். அது ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதினர். சில வௌவால்கள் சுமார் 45 கிலோஹெர்ட்ஸ் அளவிலும், சில சுமார் 55 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் ஒலியெழுப்புவதை ஆராய்ந்து, அவை இரு இனங்கள் என 1990களில் தெளிந்தனர். பழைய பெயர் ஒன்றிற்கே நின்றது. மற்றதற்கு வேறு பெயர் வந்தது. அப்படியானால் 1970இல் எழுதிய பதிவு எந்த வௌவாலைக் குறிக்கும்? எல்லாவற்றையும் பழைய பெயருக்கே கணக்கிட்டால், ஓர் ஊரில் என்றுமே இல்லாத இனம் அங்கிருந்து மறைந்துவிட்டதாகத் தோன்றும். காக்க வேண்டியதைக் கைவிட்டு, வேறொன்றிற்காக வருந்துவோம்.

இதற்குத் தீர்வு என்ன? நம் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் துறவறம் பூண்டு வேறு பெயர் ஏற்றாலும், பங்குக் குரு பழைய பெயரை அடித்து எழுதுவதில்லை. ஓரத்தில் குறிப்பு எழுதுகிறார். பெயர் இரண்டானாலும் ஆள் ஒருவரே என்பது விளங்கிவிடும். நல்ல பதிவு முறையும் அவ்வாறே இயங்குகிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் தரப்பட்டு, பழைய பெயர் இன்றைய பெயருடன் இணைக்கப்படுகிறது. பிரிந்த இனங்களின் பழைய பதிவுகள் ‘இரண்டில் ஒன்று’ எனத் தனியே வைக்கப்படுகின்றன. கண்டவர் எழுதிய சொல் மட்டும் அழிக்கப்படுவதில்லை. பிரிட்டனுக்கான இத்தகைய பெயர்ப் பட்டியலை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பேணி வருகிறது.

அன்புத் தோழியரே! கணிப்பொறி நாம் கொடுத்ததைத்தான் காக்கும்; நாம் காணாததை அது காணாது. ஆகவே செடியையோ பறவையையோ குறிக்கும்போது நாள், இடம், நிறம், அளவு, ஒலி ஆகியவற்றையும் எழுதுங்கள். பேரினம் மட்டுமே தெரிந்தால் அதனோடு நிறுத்துங்கள். தெரியாததைத் தெரிந்ததாக எழுத வேண்டாம். பெயர்கள் நாளை மாறலாம். கண்டதைக் கண்டபடி எழுதிய சாட்சியம் மாறாது. இறைவனின் படைப்பைக் காக்க நாம் செய்யக்கூடிய சிறு தொண்டு அதுவே.