மூவாரில் மேசைக்கணினி, கையில் மடிக்கணினி

வீடு மூவாரில், பணியோ மேற்படிப்போ ஜொகூர் பாருவில் அல்லது கோலாலம்பூரில். இந்நகரத்து ஆசிரியர், மாணவர் பலரின் நிலை இதுவே. பல்லாண்டுகளாகச் சேர்ந்த வினாத்தாள்கள், பேச்சுப்போட்டி உரைகள், நாடகப் பிரதிகள், மன்ற மலருக்கு எழுதிய கட்டுரைகள் யாவும் வீட்டு மேசைக்கணினியிலேயே தங்கிவிடுகின்றன. தேவை எழும்போது தம்பியையோ தங்கையையோ தொலைபேசியில் அழைத்து, “அந்தக் கோப்பைத் தேடி அனுப்பு” என்கிறோம். கோப்பும் வந்து சேர்கிறது. மடிக்கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளுமே தென்படுகின்றன.

இதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. எனினும் அது நம் கணினிகளில் பரவலாக வழங்கப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. அதற்கிடையில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் உரோமன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் தொடக்கப் பதிப்புகள் ஒரு முறையைக் கொண்டிருந்தன. திஸ்கி வேறொரு முறை. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான டாம், டாப் என்பன மேலும் இரண்டு. கோப்பில் இருப்பவை எண்கள் மட்டுமே. அவ்வெண்களைத் தமிழாகக் காட்டும் எழுத்துரு வீட்டுக் கணினியிலேயே இருந்துவிடுகிறது. தம்பி அனுப்பியது பூட்டை; திறவுகோல் மூவாரிலேயே உள்ளது.

தொலை அணுகல் இச்சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. இங்குக் கோப்பு பயணம் செய்வதில்லை. வீட்டுக் கணினியே கோப்பைத் திறக்கிறது. தன்னிடமுள்ள எழுத்துருவைக்கொண்டு தமிழைத் திரையில் தீட்டுகிறது. அத்திரையின் தோற்றம் மட்டுமே இணையத்தின் வழி நம் மடிக்கணினிக்கு வருகிறது. நாம் அழுத்தும் விசைகளும் சுட்டியின் அசைவுகளும் எதிர்த்திசையில் செல்கின்றன. ஆகவே இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த வினாத்தாளும் பிழையின்றிக் காட்சி தருகிறது.

தொலைவிலுள்ள கணினியை இயக்கும் விருப்பம் இணையத்தின் பிறப்போடு தோன்றியதாகும். 1969 அக்டோபர் 29ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக மாணவர் சார்லி கிளைன், ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்துக் கணினிக்குள் நுழைய முயன்றார். ‘லாகின்’ என்னும் சொல்லின் முதலிரண்டு எழுத்துகள் சென்றடைந்தவுடன் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே முயற்சி கைகூடியது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் அனுப்பப்பட்ட முதற்செய்தியே தொலை அணுகல்தான். நம் நாட்டில் இதன் தேவையைப் பலரும் உணர்ந்தது 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது. அப்போது கோப்புகள் பள்ளியிலும் அலுவலகத்திலும் இருந்தன. நாம் வீட்டில் இருந்தோம்.

இனி நடைமுறை. விண்டோஸின் ‘புரோ’ பதிப்பில் தொலை அணுகலை ஏற்கும் வசதி உள்ளடங்கியே வருகிறது. வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் ‘ஹோம்’ பதிப்பில் அது இல்லை; அதனைக்கொண்டு பிற கணினிகளை அணுகலாம், தன்னை அணுக விடாது. ஆதலால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப், எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகளுள் ஒன்றை நாடுகிறோம். வீட்டு ரவுட்டரைக் கடந்து வெளியார் எளிதில் உட்புக இயலாது. இச்செயலிகளோ வீட்டிலிருந்து வெளியே சென்று நிறுவனத்தின் வழங்கியோடு தொடர்பை நிலைநிறுத்துகின்றன. மடிக்கணினியும் அவ்வழங்கியை அடைகிறது. இரண்டும் அங்கே இணைக்கப்படுகின்றன.

கணினி உறங்கிவிட்டால் இவற்றால் பயனில்லை. மின்சேமிப்பு அமைப்பில் உறக்கத்தை நிறுத்திவைத்தல் வேண்டும். திரை மட்டும் அணையலாம். மின்தடைக்குப் பின் தானே இயங்கத் தொடங்கும் வசதி பல கணினிகளின் பயாஸ் அமைப்பில் உண்டு. இடி இடித்தவுடன் வீட்டிலுள்ளோர் மோடத்தின் இணைப்பைப் பிடுங்கிவைப்பதற்கு மட்டும் எச்செயலியிலும் தீர்வில்லை. மழை விட்டதும் திரும்பச் செருகும்படி அம்மாவிடம் சொல்லிவைப்பதே வழி. நாம் அவ்வாறே செய்து வருகிறோம்.

தமிழ்த் தட்டச்சிலும் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலும் நாம் அழுத்திய விசை எதுவென்பதே மறுமுனைக்குச் செல்கிறது. எனவே மடிக்கணினியின் விசைப்பலகையை ஆங்கிலத்தில் விட்டு, வீட்டுக் கணினியில் தமிழைத் தேர்ந்தெடுத்தல் நன்று. இரு முனைகளிலும் தமிழ் இயங்கினால் எழுத்துகள் குழம்பக்கூடும்.

இவ்வளவு சொன்ன பின், நம்மை உண்மையில் அச்சுறுத்துவதைக் கூறாதிருத்தல் தகாது. பழைய எழுத்துருக்களுக்காக நாம் காத்துவரும் மேசைக்கணினியே பெரும்பாலும் பாதுகாப்புக் குன்றியதாக இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிவுற்றது. எனினும் 2019 மே மாதத்தில் மைக்ரோசாப்ட் அதற்கும் ஒரு திருத்தம் வெளியிட நேர்ந்தது. புளூகீப் எனப் பெயர்பெற்ற அக்குறைபாடு தொலை அணுகல் சேவையிலேயே இருந்தது. கடவுச்சொல் இன்றியே கணினியைக் கைப்பற்ற அது இடந்தந்தது. ஆகவே ரவுட்டரில் 3389ஆம் வாயிலை உலகிற்குத் திறந்துவைக்கும்படி யாரேனும் அறிவுறுத்தினால் மறுத்துவிடுக. அவ்வாயிலைத் தேடி இணையம் முழுவதையும் துழாவும் நிரல்கள் ஓயாது இயங்குகின்றன. பழைய கணினியை இணையத்தில் இணைக்காமல், அதன் கோப்புகளையும் எழுத்துருக்களையும் விரலியில் எடுத்துப் புதிய மேசைக்கணினியில் நிறுவி, அதனை அணுகுவதே பாதுகாப்பானது. காலப்போக்கில் அக்கோப்புகளை எழுத்துரு மாற்றிகளின் துணையால் யூனிகோடுக்கு மாற்றுக. ஒகர, ஓகார வரிசையும் கிரந்த எழுத்துகளும் மாற்றத்தில் பிறழ்வதுண்டு. மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது.

மற்றொரு வாயிலை நாமே திறந்துகொடுக்கிறோம். வங்கி அதிகாரி என்றோ காவல் அதிகாரி என்றோ கூறி ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். மேற்சொன்ன செயலிகளுள் ஒன்றை நிறுவச் சொல்லி, திரையில் தோன்றும் எண்ணைக் கேட்பார். அவ்வெண்ணைத் தருவது, அவரை அழைத்து வந்து நம் மேசையின் முன் அமர்த்துவதற்கு ஒப்பாகும். நாம் காண்பன அனைத்தையும் அவர் காண்பார். எந்த வங்கியும் அதனைக் கேட்பதில்லை. கொடுத்துவிட்டிருந்தால், முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, 2022இல் தொடங்கப்பெற்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997 என்னும் எண்ணில் உடனே அழைத்தல் வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே செல்வதால் இதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும். அதன்பின் அச்செயலியை நீக்கி, கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுக.